‘இம்ப்ரூவ்’ என்ற வினையும் தாமிரபரணியின் கணக்கும்

திருநெல்வேலிச் சீமையின் பாசன வரலாற்றையும் நில வரலாற்றையும் எழுதுவோரிடையே பரவலாக நிலைபெற்றுவிட்ட ஒரு கருத்து உண்டு. 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்த இந்தச் சீமை, அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் நீர், நிலம், நகரம், மலைத்தோட்டம் ஆகிய அனைத்திலும் மேம்பாடு கண்டது என்பதும், அதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை, ஆங்கில ஆவணங்களில் ‘இம்ப்ரூவ்’ என்ற வினையும் அதன் பெயர்ச்சொல் வடிவமும் திரும்பத் திரும்ப வருவதே போதும் என்பதும் அக்கருத்தின் சாரம். அந்தச் சொல்லைத் தமிழாக்குவோர் ‘மேம்படுத்து’, ‘சீர்திருத்து’, ‘அபிவிருத்தி செய்’ என்ற மூன்றில் ஒன்றைத் தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவரும் மக்களின் வாழ்வு முன்னினும் நன்றாயிற்று என்றே பொருள் கொள்கிறார். இந்த வாசிப்பு தவறானது. அந்த ஆவணங்களை எழுதியவர்கள் அந்தச் சொல்லுக்குக் கொண்டிருந்த பொருள் வேறு. அது மறைவாகவும் இருக்கவில்லை, சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே அச்சேறியிருக்கிறது.

இந்தக் கருத்துக்கு அடிப்படையாக நிற்பது அந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றிய ஒரு பிழையான எண்ணம். ‘இம்ப்ரூவ்’ என்பதற்குள் ‘ப்ரூவ்’ ஒலிப்பதால், சோதித்து நிறுவுதல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து அது வந்தது என்றும், ஒன்றன் தகுதியை மெய்ப்பித்து உயர்த்துவதே அதன் ஆதிப்பொருள் என்றும் கல்லூரி வகுப்புகளிலும் மேடைகளிலும் சொல்லப்படுகிறது. அந்த லத்தீன் வேரோடு ‘இம்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் கிடைப்பது ‘இம்ப்ரோபாரே’. அதன் பொருள் மறுத்தல், ஏற்காதிருத்தல். ஆங்கிலத்திலும் அந்த வழியில் வந்த ஒரு ‘இம்ப்ரூவ்’ பதினேழாம் நூற்றாண்டு வரை கண்டித்தல், பொய்யென்று காட்டுதல் என்ற பொருளில் வழங்கி, பின்னர் வழக்கொழிந்தது. இன்று வழங்கும் சொல் அதனோடு உறவில்லாத வேறொரு சொல். நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அங்கு நீதிமன்ற மொழியாக இருந்த ஆங்கிலோ-பிரெஞ்சில் ‘ப்ரூ’ என்றால் ஆதாயம். ஒரு சொத்தை ஆதாயம் தரும்படி ஆக்குவது ‘எம்ப்ரூவெர்’. அதுவே ஆங்கிலத்தில் புகுந்தது. நடுவே ‘வ’கர ஒலி ஏறியது ‘ப்ரூவ்’ போன்ற சொற்களின் ஓசைச் சாயலால்தான்.

எந்தச் சொத்து என்ற கேள்விக்கும் அந்நாட்டுச் சட்ட வரலாறு விடை தருகிறது. 1235-இல் மெர்ட்டன் என்னும் ஊரில் இயற்றப்பட்ட சட்டம், ஊரார் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பொதுவில் அனுபவித்துவந்த தரிசில், அவர்களுக்குப் போதிய அளவு விட்டுவிட்டு எஞ்சியதைப் பண்ணைப்பிரபு தனக்கென்று வளைத்துக்கொள்ள இடமளித்தது. அந்தச் செயலுக்குச் சட்டமொழியில் வழங்கிய வினை இதே ‘ப்ரூ’விலிருந்து பிறந்த உடன்பிறப்புச் சொல். தரிசை வேலியிட்டு, பயிரேற்றி, குத்தகையை உயர்த்துவதே ‘இம்ப்ரூவ்’ செய்வது என்ற பொருள் அடுத்த நூற்றாண்டுகளில் உறைந்தது. 1649-இல் வால்டர் பிளித் தம் வேளாண் நூலுக்கு ‘ஆங்கில இம்ப்ரூவர்’ என்று பெயரிட்டபோது அவர் மனத்தில் இருந்தது சதுப்பை வடித்து, புல்வெளியைத் திருத்தி, நிலத்தின் வருவாயைப் பெருக்கும் ஆள். ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்ற பொருள் அதில் இல்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக், உழைப்பை ஏற்றி இவ்வாறு ஆதாயப்படுத்தப்பட்ட நிலமே ஒருவனுக்கு உடைமையாகும், அவ்வாறு செய்யப்படாதது வெறும் தரிசு என்ற கோட்பாட்டை அரசியல் தத்துவமாகவே வகுத்தார். உழைத்தவன் வேலையாளாக இருந்தால் அவன் உழைப்பின் பயன் எசமானுக்கே சேரும் என்பதையும் அவர் அதே அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறார். பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரை வரலாற்றைப் படிப்பவர்கள் இந்தப் பகுதியை மறக்கலாகாது.

நிலத்திலிருந்து நேரத்துக்கும், நேரத்திலிருந்து அறிவுக்கும், அறிவிலிருந்து நடத்தைக்கும் அந்த வினை நகர்ந்தது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில்தான். வாய்ப்பை வீணாக்காமல் பயன் கொள்வது என்பது நடுப்படி. செயப்படுபொருள் இல்லாமல், தானே நன்றாவது என்ற இன்றைய வழக்கு வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். ஆங்கிலம் பேசுவோருக்கே இந்த வரிசை மறந்துபோனது என்பதற்குப் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நல்ல சான்று. 1789 டிசம்பரில் அவர் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், நியூ இங்கிலாந்தில் மக்கள் ‘இம்ப்ரூவ்’ என்பதைப் பயன்படுத்துதல், பணியில் அமர்த்துதல் என்ற பொருளில் ஆளத் தொடங்கிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். முன்னே ஒரு பழைய நூலில் மட்டும் அப்பொருளில் அதைக் கண்டதாகவும், கையெழுத்தில் ‘எம்ப்ளாய்’ என்றிருந்ததை அச்சுக்கோப்பவர் தவறாகப் படித்ததால் நேர்ந்த பிழை அதுவென்றும் அவர் ஊகித்தார். ஊகம் பொருந்தவில்லை. ஒரு பொருளையோ ஆளையோ ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது என்ற அந்தப் பொருளே மூத்தது. அவர் மூத்ததென்று நம்பிய ‘நன்றாக்கு’ என்ற பொருளே பின்னால் பிறந்தது. தாய்மொழியாகப் பேசிய பேரறிஞர் ஒருவரே ஏமாந்த இடத்தில் நெல்லை வரலாற்றாசிரியர் ஏமாந்ததை வியக்க வேண்டியதில்லை. ஆனால் ஆவணம் கையிலிருந்தும் அவர் தொடர்ந்து ஏமாறுவதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். ஒரு சொல் பிறந்த இடத்தைக் கொண்டு அது பின்னாளில் குறித்த பொருளை முடிவு செய்யலாகாது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிக்கு வந்த கலெக்டர் ஆங்கிலோ-பிரெஞ்சு மூலத்தை நினைத்துக்கொண்டு கடிதம் எழுதவில்லை என்பது அது. வாதம் பொதுவாகச் சரி. சொற்பிறப்பு மட்டுமே சான்றாக இருந்தால் இந்த மறுப்பை எழுத வேண்டிய தேவையே இருந்திராது. ஆனால் நில நிர்வாகத்தில் பழைய பொருள் செத்துப்போகவில்லை. இந்திய அரசு 1883-இல் இயற்றிய 19-ஆம் சட்டம், நிலத்தில் கிணறு வெட்டவும் கரை கட்டவும் குடியானவர்களுக்குக் கடன் வழங்குவதற்கானது. சட்டத்தின் பெயரிலேயே ‘இம்ப்ரூவ்மெண்ட்’ இருக்கிறது. அதன் நான்காம் பிரிவு அந்தச் சொல்லை விளக்குகிறது: நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் கிடைக்கும் மதிப்பைக் கூட்டுகிற எந்த வேலையும் ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்பதே அந்த விளக்கம். அதன்பின் கிணறு, குளம், வடிகால், வெள்ளத் தடுப்பு, காடழித்துத் திருத்துதல், வேலியடைத்தல் என்று உட்பிரிவுகள் தொடர்கின்றன. வேலை செய்தவன் வயிறு நிறைந்ததா, மண்வளம் காக்கப்பட்டதா, கடைமடைக்குத் தண்ணீர் சென்றதா என்பவை அந்த விளக்கத்தில் எங்கும் இல்லை. மெர்ட்டன் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 648 ஆண்டுகள், பொருள் நகரவில்லை.

இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தாமிரபரணிக்கு வர வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் இந்த ஆற்றின் குறுக்கே, மேலிருந்து கீழாக, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றால் பாசனம் பெறும் பரப்பு ஏறத்தாழ 86,000 ஏக்கர். எட்டில் ஏழு, கும்பினி இந்தச் சீமையைக் கைக்கொள்வதற்கு முன்பே இருந்தவை. கன்னடியன் கால்வாயைப் பற்றி, கன்னட தேசத்திலிருந்து வந்த பிரமசாரி ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னையெல்லாம் செலவிட்டு, பசு நடந்த தடத்திலேயே கால் வெட்டினார் என்று சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்து மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கதையின் வரலாற்று மெய்ம்மை ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கதையில் கால் வெட்டியவருக்கு அதிலிருந்து ஒரு மரக்கால் நெல்லும் திரும்பி வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆதாயம் என்ற எண்ணமே இல்லாத ஒரு செயலாக ஒரு சமூகம் தன் வாய்க்காலை நினைவில் வைத்திருக்கிறது. மருதூர் அணை நேர்க்கோட்டில் நிற்காமல் பாறையின் போக்கை அனுசரித்து வளைந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு, அதைக் கட்டியவர்கள் ஆற்றோடு எவ்வளவு காலம் பழகியிருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த ஏழு அணைகளின் பாசனமும் ஆண்டுக்கு இரண்டு போகம் என்ற ஒழுங்கில் நடந்தது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து வரும் வெள்ளத்தில் கார், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். காருக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் கால்களில் வண்டல் வாருவதும், குளத்துக் கரையில் மண் அணைப்பதும், மடையையும் கலுங்கையும் பழுதுபார்ப்பதும் ஊராரின் கடமை, அதுவே குடிமராமத்து. எந்த வயலுக்கு எந்த நேரத்தில் மடை திறப்பது என்பதை மடைக்குடும்பனும் நீர்பாய்ச்சியும் அறிந்திருந்தார்கள். அவர்களுக்குக் களத்திலேயே நெல் அளக்கப்பட்டது. இவ்வளவு பெரிய பராமரிப்பு ஏற்பாட்டை ஆங்கிலக் கணக்கு ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்று அழைக்கவில்லை. அழைக்கவும் முடியாது, ஏனென்றால் வண்டல் வாரினால் குத்தகை மதிப்புக் கூடுவதில்லை. குறையாமல் இருக்கிறது, அவ்வளவே. குறையாமல் காப்பதற்கு அந்த வினையில் இடமில்லை. பின்னர் 1858-இன் முதலாம் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாண அரசு குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாகத் தாளில் எழுதி, உழைக்காதவரிடம் பணம் வசூலிக்க வழி செய்தது. ஊர் தானாகச் செய்துவந்த வேலை வசூலுக்குரிய இனமாயிற்று.

எட்டாவது அணையான ஸ்ரீவைகுண்டம் ஆங்கில ஆட்சியில், 1870-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. மேம்பாட்டுவாதிகள் முதலில் சுட்டுவது இதைத்தான், சுட்டுவதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. வடகாலும் தென்காலும் ஆற்றின் கடைப்பகுதிக்குத் தண்ணீர் கொண்டுபோயின. வடகால் தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளம் வரை சென்றது. புஞ்சையாகக் கிடந்த நிலம் நஞ்சையாயிற்று. அந்த நீரில் நெல் விளைந்ததை மறுப்பது நேர்மையல்ல. மறுக்கப்படுவது வேறு: அந்த அணை எந்த அளவுகோலால் ‘இம்ப்ரூவ்மெண்ட்’ என்று மதிப்பிடப்பட்டது என்பதைப் பற்றிய தவறான எண்ணம். பிரிட்டிஷ் இந்தியாவில் பாசன வேலைகள், போட்ட முதலுக்கு வட்டி கட்டும் அளவு வருமானம் தருமா என்பதைக் கொண்டே ஆதாயம் தருபவை என்றும் மற்றவை என்றும் பிரிக்கப்பட்டன. அணை கட்டப்பட்ட அதே காலத்தில்தான் மாவட்டம் முழுவதும் நில அளவையும் தீர்வை நிர்ணயமும் நடந்தன. நிலத்துக்குத் தரம் போடப்பட்டது. ஆண்டில் எத்தனை மாதம் நீர் கிடைக்கும் என்பதைக் கொண்டு பாசன ஆதாரங்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. தண்ணீர் உறுதியானால் வகுப்பு உயரும். வகுப்பு உயர்ந்தால் தீர்வை உயரும். அதே வயலில் இரண்டாம் போகம் எடுத்தால் பசலி ஜாஸ்தி என்று தனி வசூல். ஜமாபந்தியில் கர்ணம் கணக்கை விரிக்கும்போது புஞ்சையிலிருந்து நஞ்சைக்கு மாறிய ஒவ்வொரு சர்வே எண்ணும் அரசுக்கு வரவு. ஆவணத்தில் ‘இம்ப்ரூவ்’ ஆனது அந்த வரவுதான்.

இதற்கும் மேம்பாட்டுவாதிகளிடம் ஒரு பதில் இருக்கிறது. குடியானவன் தன் கைப்பணத்தைப் போட்டுக் கிணறு தோண்டினால் அதற்காகத் தீர்வையை உயர்த்தக் கூடாது என்று சென்னை மாகாண அரசே 1852-இல் உத்தரவிட்டதே, ஆதாயம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இப்படி ஒரு சலுகை ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். சலுகை உண்மை. ஆனால் சலுகை தேவைப்பட்டதற்குக் காரணம் என்ன? நிலத்தின் மதிப்பைக் கூட்டும் எதுவும் அரசின் பங்கைக் கூட்டும் என்ற விதி நடைமுறையில் இருந்ததால்தான், கிணறு வெட்ட அஞ்சிய குடியானவனுக்கு அந்த விதியிலிருந்து விலக்குத் தர வேண்டியிருந்தது. விலக்கைக் காட்டி விதி இல்லை என்று வாதிடலாகாது. 1865-இன் ஏழாம் சட்டமான பாசன வரிச் சட்டத்தைப் படித்தால் விதியின் வலிமை தெரியும்: அரசுக்குச் சொந்தமான ஆற்றிலிருந்தோ காலிலிருந்தோ தண்ணீர் எடுத்தால் தனித் தண்ணீர்த் தீர்வை உண்டு, பின்னர் திருத்தப்பட்ட வடிவத்தில், கசிந்து வந்து பாயும் நீருக்கும் அது பொருந்தியது. குடியானவன் மடை திறக்க வேண்டியதில்லை, கரைக்கு அடியில் ஊறிவந்தாலே போதும். ஏழு அணைகளை எவரோ எந்தக் காலத்திலோ கட்டிவைத்துப் போக, அவற்றின் கசிவுக்கு வரி வாங்கும் உரிமையை அரசு சட்டத்தில் எழுதிக்கொண்டது.

நகரத்திலும் இதே கதைதான் என்றாலும் அங்கே அது சுருக்கமானது. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866-இல் நகராட்சிகளாயின. அதற்கு அடிப்படை 1865-இன் பத்தாம் சட்டம், அதன் பெயரிலும் ‘இம்ப்ரூவ்மெண்ட்’ உண்டு. நகரவாசிகளிடம் வீட்டு வரியும் சுங்கமும் வசூலித்து, அதிலிருந்து போலீஸ் செலவின் பெரும்பங்கை ஈடுகட்டுவது அந்தச் சட்டத்தின் முதன்மையான ஏற்பாடுகளுள் ஒன்று. சாலையும் சாக்கடையும் எஞ்சியதில். அதற்கு இருபதாண்டு முன்னமே, 1843-இல், இந்த இரு நகரங்களையும் இணைத்து ஆற்றின் மேல் பாலம் எழுந்திருந்தது. அதற்கான பணம் எந்தச் சட்டத்திலிருந்தும் வரவில்லை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தச் செல்வத்திலிருந்து கொடுத்தார், அதனால் சுங்கம் வாங்கும் தேவையும் இல்லாமற்போயிற்று. இன்றும் அந்தப் பாலம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மறுப்பு இந்த இடத்தில் நின்றுவிட்டால் அது நேர்மையற்றதாகிவிடும், ஏனென்றால் எதிர்முனையில் நிற்கும் இன்னொரு கருத்தும் இதே அளவு பிழையானது. ஆங்கிலேயர் வருவதற்கு முன் பொருநைக்கரை நிறைவான வாழ்வு வாழ்ந்தது என்று எழுதுவோர், நஞ்சை வயலில் இறங்கி நாற்று நட்டவர்களை எண்ணிப்பார்ப்பதில்லை. மிராசுதாரர்களும் கோயில்களும் பிரமதேயங்களும் பங்குபோட்டுக்கொண்ட அந்த வயல்களில் உழைத்த பள்ளர் சமூகத்தாரில் பலர் பண்ணையடிமைகளாக இருந்தார்கள். களத்தில் அளக்கப்பட்ட நெல்லில் கடைசிப் பங்கு அவர்களுடையது, நிலம் அவர்களுடையதாக இல்லை. அவர்களுடைய விடுதலைக்கு வழிவகுத்த சட்டங்களுள் முதலாவது, அடிமையுடைமையை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்ன 1843-இன் ஐந்தாம் சட்டம். பழைய முறையைப் பழிக்க இதை எடுத்துக்காட்டும் மேம்பாட்டுவாதி, அதே மூச்சில் இதை ‘இம்ப்ரூவ்மெண்ட்’ கணக்கில் சேர்க்கப் பார்க்கிறார். அது சேராது. குத்தகை மதிப்பைக் கூட்டும் வேலைகளின் பட்டியலில் மனிதனை விடுவிப்பதற்கு இடமில்லை. அந்தச் சட்டம் வேறொரு போராட்டத்தின், வேறொரு மொழியின் விளைவு. அணை கட்டி நிலத்தை நஞ்சையாக்கிய அரசு, அந்த நஞ்சையில் நட்டவருக்கு ஒரு காணி நிலமும் கொடுத்துவிடவில்லை. கோடை முடிந்து கார் நடவுக்கு இறங்கியவர்கள் அணைக்கு முன்பும் பின்பும் அதே ஆட்கள்.

நிலத்தை ஆதாயப்படுத்துவது என்ற பொருள் இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு முழுமையாக நடந்தேற முடியும் என்பதை அறிய, வயல்வெளியை விட்டு ஆற்றின் தலைப்பகுதிக்கு ஏற வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் தன் மலைக்காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரை 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. தாமிரபரணிக்கு நீரூட்டும் மழைக்காடு வெட்டித் திருத்தப்பட்டு, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களாயிற்று. 1883-ஆம் சட்டத்தின் விளக்கப் பிரிவு எதிர்பார்த்த அத்தனையும் அங்கே நிறைவேறின: காடு அழிந்தது, வேலி எழுந்தது, நிலத்தின் குத்தகை மதிப்புக் கூடியது. லாக் வகுத்த கோட்பாட்டின் இரண்டாம் பகுதியும் நிறைவேறியது. அட்டைக் கடியிலும் குளிரிலும் மரம் வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள், சமவெளியின் நஞ்சை வயல்களில் உழைத்த அதே சமூகத்தாரும் அவர்களையொத்த ஏழைகளும். குடியிருந்த லயத்தின் தரைகூட அவர்களுக்கு உரிமையாகவில்லை. அவர்கள் கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தபோது, போலீஸ் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கியவர்களுள் 17 பேர் உயிரிழந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். தங்கள் உழைப்பால் எவருடைய நிலத்தின் மதிப்பைப் பெருக்கினார்களோ அந்த மலையிலிருந்து வரும் தண்ணீர் அது. இந்த நிகழ்ச்சியை மேம்பாட்டு வரலாற்றில் ஒரு விபத்தாக, ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்குவது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. யார் திருத்தினார்கள், யாருக்குச் சேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்காமலே இயங்கும் ஒரு கணக்கு முறை எழுபது ஆண்டு இயங்கினால் எங்கே கொண்டுவிடும் என்பதை அது காட்டுகிறது.

விடுதலைக்குப் பின் பொருள் மாறிவிட்டது என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. 1958-இல் நிறைவடைந்த மணிமுத்தாறு அணை பலருக்குத் தண்ணீர் தந்தது. புதிய அரசு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே சொல்லும் மக்களுடையதாயிற்று என்பது அவர்கள் வாதம். ஆனால் சென்னை மாநிலச் சட்டமன்றம் 1955-இல் இயற்றிய ஒரு பாசனச் சட்டம், அரசு கட்டும் பாசன வேலையால் ஒருவர் நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை அவர் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. அந்தச் செலுத்துகைக்குச் சட்டம் வைத்த ஆங்கிலப் பெயர் ‘பெட்டர்மெண்ட்’. நன்மை என்பதையே நேர்ப்பொருளாகக் கொண்ட சொல்லும் விலையேற்றத்தின் பெயராக ஆகிவிட்டிருந்தது. ஆளும் கை மாறிய பின்னும் நிலத்தின் மதிப்பே அளவுகோலாக நின்றது.

ஸ்ரீவைகுண்டத்திலும் அதுவே நின்றது. நஞ்சைக்கென்று கட்டிய அணையிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம் பின்னர் வந்தது. ஒரு கேலன் நீர் நெல்வயலில் ஈட்டுவதைவிட ஆலையில் கூடுதலாக ஈட்டும். 1883-இன் விளக்கப்படி பார்த்தால் இதைவிடத் தெளிவான ‘இம்ப்ரூவ்மெண்ட்’ இருக்க முடியாது. கடைமடையில் பிசானம் காய்ந்தபோது விவசாயிகள் அணையை முற்றுகையிட்டதையும் மறியல் செய்ததையும் அந்த விளக்கம் எந்த வரியிலும் பதிவு செய்யாது. எட்டடி உயர அணையில் நூற்றுநாற்பது ஆண்டுக்கு மேல் படிந்த வண்டலை வாருவதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு தேவைப்பட்டது. வேலை தொடங்கியது 2015-இல். குடிமராமத்து உயிரோடு இருந்த காலத்தில் ஊரார் கார் திறப்புக்கு முன் ஆண்டுதோறும் கூடைகளோடு இறங்கிச் செய்துவந்த வேலையைச் செய்யச் சொல்லித் தீர்ப்பாயத்தை நாட வேண்டியிருந்த இந்தச் செய்தியையும், 1879-இல் வெளிவந்த ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேட்டையும், 1917-இல் வெளிவந்த பேட்டின் கெசட்டியரையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் வரலாற்றாசிரியர், அந்த நூல்களில் ‘இம்ப்ரூவ்’ வரும் இடந்தோறும் ‘மேம்பட்டது’ என்று எழுதுமுன், அதற்கடுத்த வாக்கியத்தில் தீர்வை விகிதம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.